ஒரே மின்னஞ்சலில் இரண்டு வல்லரசுகள்

1

இந்தக் கதையை நான் இரண்டு பேருக்கு விற்றிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்கேயாவது தெரியவந்து நீங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை காலை, ஆளுங்கட்சிக்கு வேண்டிய வார இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். போர்க்கருவித் தொழில்நுட்பத்தை ஒருவருக்கொருவர் ஆகாத வல்லரசுகளுக்கு விற்பதில் அரசியல்வாதிகள் போடும் இரட்டை வேடத்தைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க ஒரு கதை வேண்டும் என்றார். வேடம் போடுவது எதிர்க்கட்சியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று, மழை பெய்தால் நன்றாக இருக்கும் என்பதைப் போலச் சொன்னார். கண்டிப்பாக உங்களுக்குத்தான் என்றேன். நாற்பது நிமிடம் கழித்து எதிர்க்கட்சிக்கு வேண்டிய வார இதழின் ஆசிரியர் கூப்பிட்டார். அதே விஷயம், அதே சிரிப்பு. வேடம் மட்டும் ஆளுங்கட்சியுடையதாக இருக்க வேண்டும். கண்டிப்பாக உங்களுக்குத்தான் என்றேன்.

இரண்டு முறையும் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். இடையில் ஒரு தேநீர் குடித்தேன் என்பதைத் தவிர என்னிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. (இது பொய். ஒன்று இருக்கிறது. பத்தாம் பகுதியில் சொல்கிறேன். தைரியம் வந்தால்.)

ஆசிரியர்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி. லிஃப்டில் ஒன்றாக மாட்டிக்கொண்டால் ஒருவர் தரையைப் பார்ப்பார், மற்றவர் மேலே எரியும் எண்ணைப் பார்ப்பார். இருவருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரே கதையை எழுதுவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில், கதையை ஒன்றாக எழுதிக் கட்சிப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு இரண்டு பிரதி எடுத்தால் போதும் என்று தோன்றியது. அதனால்தான் கட்சிகளுக்குக் கதவுக் கட்சி, ஜன்னல் கட்சி என்று பெயர். உங்கள் கையில் இருக்கும் பிரதியில் கதவு ஆளுங்கட்சி. இன்னொரு பிரதியில் ஜன்னல். வேறு ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் போராடினேன். கைவிட்ட தொடக்கங்களை அழிக்காமல் இங்கேயே விட்டிருக்கிறேன்.

"ஏவுகணை வானத்தைக் கிழித்துக்கொண்டு" — கிழிக்கட்டும். நான் ஏவுகணையைப் பார்த்ததில்லை. குக்கர் விசிலுக்கே தூக்கிவாரிப் போடுகிற ஆள் நான்.

"அமைச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நாட்டின் எதிர்காலத்தை" — கதைகளில் அமைச்சர்கள் ஏன் எப்போதும் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. கழற்றினால் அவர்களுக்கு எதிர்காலம் எப்படித் தெரியும்?

"புதன்கிழமை சாயங்காலம் குறிப்பம்மா உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே, தன் மகளைச் சிறைக்கு அனுப்பும் வரியை மனதுக்குள் சரி பார்த்துக்கொண்டிருந்தார்."

இது நிற்கும். உருளைக்கிழங்கு எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

3

ஜன்னல் கட்சித் தலைவர் சபையில் பேசும் பேச்சையெல்லாம் எழுதிக் கொடுப்பவர் குறிப்பம்மா. கூட்டங்களில் குறிப்பெடுக்க வேலைக்குச் சேர்ந்தார். தலைவர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பேச்சு எழுதுகிறவரான பிறகும் பெயர் மாறவில்லை.

அவருடைய கணவர் புலவர். வாழ்நாளில் ஒரு செய்யுள் எழுதியதில்லை. கட்சி அலுவலகங்களில் மூன்று வரி சேர்ந்தாற்போல் எழுதத் தெரிந்தவரைப் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எழுதுவது கதவுக் கட்சியின் தொழில் அமைச்சருக்கு.

அதாவது, சபையில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் இரண்டு பேச்சும் ஒரே வீட்டில்தான் தயாராகின்றன. இது இரண்டு கட்சிக்கும் தெரியும். எதிரியின் வீட்டுக்குள் நமக்கு ஒரு காது இருக்கிறது என்று இரு தரப்பும் நினைத்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் ஒரு விதி உண்டு. அலுவலகப் பேச்சு செருப்பு வைக்கிற இடத்தைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. தேர்தல் முடிவு வந்து ஆட்சி கைமாறினால், அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் கோப்புகளை மாற்றிக்கொள்வார்கள். அதுவரை எதிர்க்கட்சிக்கு எழுதியவர் கையில் கோபக் கோப்பு இருக்கும். ஆளுங்கட்சிக்கு எழுதியவர் கையில் சாந்தக் கோப்பு இருக்கும். விடிந்தால் கோபக்காரருக்குச் சாந்தம் வேண்டும், சாந்தக்காரருக்குக் கோபம் வேண்டும். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும்போது புதிதாக எழுதிக் கை வலிப்பானேன்? வருடத்தையும் கட்சிப் பெயரையும் மாற்றினால் தீர்ந்தது.

திருமணமான இருபத்தெட்டு வருடத்தில் ஐந்து முறை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சிறு மனஸ்தாபம் வரும். ஒரே பக்கத்தில் ஏழு 'துரோகம்' போட்டால் துரோகத்துக்கு என்ன மரியாதை என்று குறிப்பம்மா கேட்பார். உன் சாந்தக் கோப்பைப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது, அமைச்சர் தூங்கிவிட்டால் யார் பதில் சொல்வது என்பார் புலவர்.

(இது சரியா என்று குறிப்பம்மாவை நானும் கேட்டேன். படைத்தவன் என்ற உரிமையில்தான் கேட்டேன். "அவங்க கருத்தை மாத்திக்கலாம், நாங்க கோப்பை மாத்திக்கக் கூடாதா?" என்றார். அடுத்த பகுதிக்கு வந்துவிட்டேன்.)

4

இந்த நாட்டில் விற்பதற்கு உருப்படியாக ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு லென்ஸ். உள்ளங்கை அகலம்தான். ஏவுகணையின் மூக்கில் பொருத்தினால் புகையிலும் இருட்டிலும் அதற்கு வழி தெரியும். உலகத்தின் இரண்டு வல்லரசுகளுக்கும் அது வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் விடுவதற்குத்தான்.

வல்லரசுகளுக்கு முதலாமவர், இரண்டாமவர் என்று பெயர் வைத்துப் பார்த்தேன். யார் முதல் என்று அதற்கே ஒரு போர் வரும். இந்தப் பக்கத்தார், அந்தப் பக்கத்தார் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தார் நமக்கு நண்பர். அந்தப் பக்கத்தார் நண்பருக்கு ஆகாதவர்.

போன தடவை ஜன்னல் கட்சி ஆண்டபோது லென்ஸை இந்தப் பக்கத்தாருக்கு விற்றது. சத்தம் போடாமல் அந்தப் பக்கத்தாருக்கும் விற்றது. விஷயம் வெளியே வந்ததும், அன்று எதிர்வரிசையில் இருந்த நம் தொழில் அமைச்சருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "தாய்நாட்டின் கண்ணைப் பிடுங்கி நண்பனின் எதிரிக்கு விற்ற துரோகிகளே" என்று அவர் முழங்கிய வரி நாட்டின் சுவரெல்லாம் ஏறியது. பல் தேய்க்கும்போது புலவருக்குத் தோன்றிய வரி அது. ஜன்னல் தலைவர் பதற்றமே இல்லாமல், கடைக்காரன் சாமான் வாங்க வருகிறவர்களின் சண்டையை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது என்றார். அது குறிப்பம்மா எழுதியது.

சுவர்கள் ஜெயித்தன. கதவுக் கட்சி ஆட்சிக்கு வந்தது. வந்ததும் விற்பனையை நிறுத்தியது. பத்தொன்பது நாள் நிறுத்தியது. பிறகு லென்ஸுக்கு 'வானிலை ஆய்வுப் பாகம்' என்று புதுப்பெயர் வைத்தது. உங்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறோம், அவர்களுக்கு நிறுத்திவிட்டோம் என்று இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் போனது. லென்ஸும் தனித்தனியாகவே போனது.

நான் இரண்டு ஆசிரியர்களிடம் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.*

* கொஞ்சம் இருக்கிறது.

5

பாப்பா என்றதும் தவழ்கிற குழந்தையை நினைக்க வேண்டாம். பாப்பாவுக்கு இருபத்தாறு வயது. புலவருக்கும் குறிப்பம்மாவுக்கும் ஒரே பெண். லென்ஸ் தொழிற்சாலையில் கடிதப் பிரிவில் வேலை. பிரிவில் இருப்பது அவள் ஒருத்திதான்.

தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டிருந்தது. மூன்று நாள் மூடிப் பழுது பார்க்க வேண்டும், வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்துவிடு என்றார் மேலாளர். பாப்பா நான்கே வரியில் அழகாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். வாடிக்கையாளர் என்று இருப்பதே இரண்டு பேர். ஒரே விஷயத்தை இரண்டு தடவை அனுப்புவானேன் என்று இரண்டு முகவரியையும் ஒரே வரியில் போட்டு அனுப்பிவிட்டாள். வாங்குகிற இருவருக்கும் இரண்டு முகவரியும் பளிச்சென்று தெரியும்.

ஏழாவது நிமிடம் இந்தப் பக்கத்தாரிடமிருந்து பதில் வந்தது. "தகவலுக்கு நன்றி. உடன் இருப்பவர் யார்?" எல்லோருக்கும் பதில் போகும் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். பத்தாவது நிமிடம் அந்தப் பக்கத்தாரிடமிருந்து வந்தது. "அதையே நாங்களும் கேட்கிறோம். தொட்டி விரைவில் சரியாகட்டும்."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. வல்லரசுகளின் உளவுத்துறைகள் ஆண்டுக்கணக்கில் மோப்பம் பிடித்தும் கண்டுபிடிக்காததை ஒரு தண்ணீர்த் தொட்டி சொல்லிவிட்டது.

அன்று மதியமே பாப்பாவைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்ய உத்தரவு வந்தது. உத்தரவை அடிக்க வேண்டியது கடிதப் பிரிவு. ஆகவே பாப்பாவே அடித்தாள். மேலாளர் அவசரத்தில் தேதியைத் தப்பாகச் சொல்லியிருந்தார். அதையும் திருத்தி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைத் தனக்கே கொடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

6

விஷயம் வெளியே கசிந்தது. செய்தித்தாள்களுக்கு 'ஒரு பெண் ஊழியர்' என்பது வரைதான் தெரிந்தது. வியாழக்கிழமை சபையில் விவாதம். இரண்டு பேச்சாளர்களும் தத்தம் எழுத்தாளரைக் கூப்பிட்டார்கள்.

ஜன்னல் தலைவருக்குக் கோபம் வேண்டும். குறிப்பம்மா கோபக் கோப்பைப் பிரித்து, தாய்நாட்டின் கண்ணைப் பிடுங்கிய பழைய வரியைத் தூசி தட்டி எடுத்தார். எல்லாம் அப்படியே பொருந்தியது. தலைவர் ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேட்டார். நாட்டைக் காட்டிக்கொடுத்த அந்தப் பெண் யார், அவளை ஏன் இன்னும் கைது செய்யவில்லை என்று கடைசியில் ஒரு வரி. அமைச்சருக்குச் சாந்தம் வேண்டும். புலவர் கடைக்காரன் வரியைக் கழுவித் துடைத்து வைத்தார். அமைச்சரும் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டார். ரகசியத்தைக் கசியவிட்ட அந்த ஊழியர்மேல் வழக்குப் போடப்படும், கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடைசியில் ஒரு வரி.

என் மகள்தான் என்று சொல்லி அவர்கள் காலில் விழலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். புலவர் அமைச்சரிடம் சொன்னால், எதிர்க்கட்சி எழுத்தாளரின் மகளே உளவாளி என்று அமைச்சர் மேசையைத் தட்டுவார். குறிப்பம்மா தலைவரிடம் சொன்னால், அமைச்சருடைய எழுத்தாளரின் மகளே உளவாளி என்று அவரும் தட்டுவார். அதே பெண், அதே வீடு. எந்தப் பக்கம் விற்றாலும் சுடக்கூடிய சரக்கு.

அதனால்தான் புதன்கிழமை சாயங்காலம், இருபத்தெட்டு வருட விதியை மீறி, அலுவலகப் பேச்சு சமையலறைக்குள் வந்தது.

"உங்க பேச்சுல அந்த வரி இருக்கா?" என்றார் குறிப்பம்மா. கையிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்த வரி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"இருக்கு," என்றார் புலவர். "உன்னுதுல?"

"இருக்கு."

தண்ணீர் குடிக்க வந்த பாப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "என்னை உள்ள தள்ளறதுக்கு நம்ம வீட்லயே ரெண்டு பேர் சம்பளம் வாங்கறீங்க," என்றாள். "நடத்துங்க." தண்ணீரைக் குடிக்காமலேயே போய்விட்டாள்.

குறிப்பம்மாவுக்குக் கை ஓடவில்லை. கடும் நடவடிக்கை, உரிய தண்டனை, சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று வாழ்நாளில் எத்தனை முறை எழுதியிருப்பார். அது யார் வீட்டுப் பெண்மேல் போய் விழுகிறது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்ததும் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"நீ எடுத்தா நான் எடுக்கறேன்," என்றார் புலவர்.

"நான் எடுத்துட்டு நீங்க எடுக்கலேன்னா?"

அதற்குப் பிறகு நடந்தது, வல்லரசுகள் ஆயுதங்களைக் குறைத்துக்கொள்வதற்காகக் கூடும் மாநாடுகளில் நடப்பதுதான். யார் முதலில் என்று அரை மணி நேரம். எழுத்து எழுத்தாக அடிப்பதா, மொத்தமாகக் கிழிப்பதா என்று இன்னொரு அரை மணி நேரம். எதிர்த்தரப்பின் தாளைப் பார்வையிடும் உரிமை உண்டா என்று ஒரு சண்டை. கடைசியில் பாப்பாவைக் கூப்பிட்டுப் பார்வையாளராக உட்கார வைத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணி, இருவரும் ஒரே நேரத்தில் அந்த வரியை அடித்தார்கள். பாப்பா இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா லேசா அடிச்சிருக்கீங்க. இன்னும் படிக்க வருது," என்றாள். புலவர் மறுபடி அடித்தார்.

7

(இந்தப் பகுதியில் அமைச்சர் தன் அறையில் யாரிடமோ பேசும் காட்சி இருந்தது. மூன்றாம் மாடி ஆசிரியர் மனம் நோகும் என்று எடுத்துவிட்டேன். நடுநிலைமை வேண்டுமே என்று, ஐந்தாம் மாடி ஆசிரியர் மனம் நோகக்கூடிய காட்சி ஒன்றையும் எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே காட்சிதான்.)

8

ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒப்பந்தம் முடிந்து சாப்பிட்டு எழுந்த பிறகு, புலவர் பேச்சை இரண்டு பிரதியாக எடுத்தார். ஒன்றில் அந்த வரி இல்லை. இன்னொன்றில் இருந்தது. அதை மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். எச்சரிக்கையான மனிதர். மனைவி சொன்ன சொல் மாறினால், அமைச்சர் சபையில் கேலிக்கு ஆளாகி, வேலையும் போய், குடும்பம் நடுத்தெருவில் நிற்குமே என்ற கவலை.

குறிப்பம்மாவும் அப்படியே இரண்டு பிரதி எடுத்து, வரி இருந்த பிரதியைக் கைப்பையின் உள்ளறையில் ஒளித்து வைத்தார். கள்ளத்தனம் பாருங்கள். பெற்ற தாய்.

நான் என்ன செய்தேன் என்று கவனித்தீர்களா? அதே தாள், அதே பயம். அவர் செய்தால் கவலை, இவர் செய்தால் கள்ளத்தனம். எழுதும்போது எனக்கே தெரியவில்லை. நீங்களும் 'பெற்ற தாய்' என்ற இடத்தில் லேசாகத் தலையை ஆட்டினீர்கள்; நான் பார்த்தேன். அமைச்சரையும் தலைவரையும் பார்த்துச் சிரிக்க வந்த நாம் இரண்டு பேரும் இந்த இடத்தில் கொஞ்சம் தலையைச் சொறிந்துகொள்ளலாம்.

திருத்தம்: இருவரும் ஆளுக்கொரு பிரதி ஒளித்து வைத்துக்கொண்டார்கள். இருவரும் பயந்திருந்தார்கள்.

9

வியாழக்கிழமைக்கு என்னிடம் மூன்று விதமான முடிவு இருந்தது.

முதலாவது, தாள் மாறிப்போய் அமைச்சர் கோபப் பேச்சையும் தலைவர் சாந்தப் பேச்சையும் படித்துவிடுகிறார்கள். கோப்பு என்ற வார்த்தை வந்தபோதே நீங்கள் இதை யோசித்திருப்பீர்கள். யோசித்ததை எழுதுவதற்கு நான் எதற்கு? தவிர, படித்திருந்தாலும் சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

இரண்டாவது, பாப்பா பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல, சபையே எழுந்து கை தட்டு— மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பாப்பாவிடம் இல்லை.

மூன்றாவது நடந்தது.

காலையில் இருவரும் கிளம்பும்போது பாப்பா மதியச் சாப்பாட்டை இரண்டு டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே. சபைக் கட்டடத்தில் எதிர்க்கட்சி அறைக்கு வெளியே நடையில், தலைவர் கையை நீட்டிக்கொண்டு வேகமாக வந்தார். "குறிப்பம்மா, பேச்சு எங்க? கடைசி வரி நறுக்குன்னு இருக்கா?"

குறிப்பம்மா கைப்பைக்குள் கையை விட்டார். வெளியறையில் ஒரு தாள், உள்ளறையில் ஒரு தாள். ஆளுங்கட்சி அறையில் புலவரும் இந்நேரம் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருப்பார். அவர் எந்தத் தாளைக் கொடுப்பார்? அமைச்சர் வரியோடு பேசித் தலைவர் வரியில்லாமல் பேசினால், தலைவர் இவரைத் தொலைத்துவிடுவார். கை உள்ளறைப் பக்கம்தான் போனது. வழியில் சாப்பாட்டு டப்பா தட்டியது. மூடிமேல் தொழிற்சாலைப் பழக்கத்தில் பாப்பா ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்.

"பெறுநர்: அம்மா, அப்பா. உப்பு கொஞ்சம் தூக்கல். மன்னிக்கவும். பாப்பா."

புலவருடைய டப்பாவிலும் இதே சீட்டுத்தான் இருக்கும், இதே இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கும் என்று குறிப்பம்மாவுக்குத் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு அனுப்பவே வராது. குற்றம் என்று பார்த்தால் அது ஒன்றுதான் குற்றம். அவர் கையை உள்ளறைப் பக்கமிருந்து விலக்கினார். வெளியறைத் தாளை எடுத்துத் தலைவர் கையில் வைத்தார்.

சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் தலைவர் முழங்குவது கேட்டது. தாய்நாட்டின் கண்ணைப் பிடுங்கினார், ஏழு துரோகம் சொன்னார், தாளின் அடிக்கு வந்தார், "ஆகவே" என்றார். அடுத்த வரி இல்லை. "ஆகவே நன்றி," என்று உட்கார்ந்தார். பிறகு அமைச்சர் எழுந்தார். கடைக்காரன் வந்தான், வாடிக்கையாளர் சண்டை வந்தது, வானிலை வந்தது. குறிப்பம்மா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அமைச்சரும் "ஆகவே" என்றார். தாளைத் திருப்பிப் பார்க்கும் சரசரப்பு ஒலிபெருக்கியிலேயே கேட்டது. "ஆகவே, அவ்வளவுதான்," என்றார்.

குறிப்பம்மா சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் புலவர் எழுதாமல் விட்ட வரிதான் அவர் எழுதியதிலேயே நல்ல வரி என்று தோன்றியது.

சபையில் உறுப்பினர்கள் தாள்களைப் புரட்டித் தேடினார்கள். கடிப்பதற்கு ஒரு பெண் ஊழியர் கிடைத்திருந்தால் சாயங்காலம் வரை ஓட்டியிருப்பார்கள். அவளை எடுத்துவிட்டதும் கேள்வி மட்டும் அம்மணமாக நடுவில் நின்றது. கடைசி வரிசையில் வழக்கமாகத் தூங்கும் உறுப்பினர் ஒருவர் விழித்துக்கொண்டு, "அப்ப ரெண்டு பேருக்கும் வித்தோமா இல்லையா?" என்று கேட்டார். இரண்டு வரிசையும் கூரையைப் பார்த்தது. சபைத் தலைவர் பதினோராவது நிமிடத்தில் ஒத்திவைத்தார். பொறுப்பு யாருடையது என்று கண்டறிய இரு தரப்பிலும் மும்மூன்று பேர் கொண்ட குழு. ஒருமனதாக.

லென்ஸ் என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: அவனிடமும் இருக்கிறதா என்று பதறிப்போய், இரண்டு பக்கத்தாரும் அன்று மாலையே இரண்டு மடங்கு கேட்டு எழுதினார்கள். பதில் போட ஆள் இல்லாததால் மேலாளர் பாப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். பணிநீக்க ரத்து உத்தரவையும் அவளே அடித்தாள்.

10

தைரியம் வரவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மின்னஞ்சலை அனுப்பியது பாப்பா இல்லை. நான்.

கதை சொன்ன தேதிக்கு முடியவில்லை. மூன்று நாள் தாமதமாகும் என்று நான்கே வரியில் அழகாக எழுதினேன். ஆசிரியர்கள் என்று இருப்பதே இரண்டு பேர். இரண்டு முகவரியையும் ஒரே வரியில் போட்டேன். ஏழாவது நிமிடம் மூன்றாம் மாடியிலிருந்து பதில் வந்தது: உடன் இருப்பவர் யார்? பத்தாவது நிமிடம் ஐந்தாம் மாடியிலிருந்து வந்தது: அதையே நானும் கேட்கிறேன்.

அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. யார் தலையிலாவது கட்ட வேண்டும்போல் இருந்தது. இருபத்தாறு வயதில் ஒரு பெண்ணைப் படைத்தேன். கடிதப் பிரிவில் உட்கார வைத்தேன். என் தப்பைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டு, அவளைப் பந்தாடுகிறார்களே என்று ஒன்பது பகுதிக்கு உருகினேன். அமைச்சரும் தலைவரும்கூட இவ்வளவு செய்யவில்லை. அவர்கள் ஏற்கெனவே இருந்த பெண்ணைத்தான் தேடினார்கள்.

நேற்று ஆசிரியர்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். லிஃப்டில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் கேள்விப்பட்டது இதுதான் முதல் தடவை. கதையை இருவருமே போடுவார்கள். ஒரு நிபந்தனை: முடிவில் அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கிவிட வேண்டும். வாசகருக்குப் பழி சொல்ல யாராவது ஒருவர் வேண்டும், கட்சிக்காரர்கள் மனமும் நோகாது என்று எழுதியிருந்தார்கள். ஒரே கடிதம், இரண்டு கையெழுத்து.

அதை வைத்துக்கொண்டுதான் இப்போது தொழிற்சாலைக்கு வந்திருக்கிறேன். கடிதப் பிரிவு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கணினி, மேலே தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். இன்னும் சரியாக அடைக்கவில்லை. குழுவிலிருந்து வந்த படிவத்தைப் பாப்பா பூர்த்தி செய்துகொண்டிருக்கிறாள். நாள், இடம், பொருளின் பெயர் என்ற கட்டங்களெல்லாம் முடிந்துவிட்டன. கடைசிக் கட்டத்துக்கு வந்து விரலை எடுத்துவிட்டாள்.

"வாங்க சார்," என்றாள். "நீங்கதானே இதை எழுதறவரு?"

ஆமாம் என்றேன்.

"நான் ரெண்டு பேருக்கும் ஒரே கடிதம் போட்டது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா, ரெண்டு பேருக்கும் உங்களுக்கு மட்டும்தான்னு சொன்னது யாரு?"

எனக்கு அமைச்சர் ஞாபகம் வந்தது, தலைவர் ஞாபகம் வந்தது. இன்னொருவர் ஞாபகமும் வந்தது. தொட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயரைப் போடச் சொல்லலாம். மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி இரண்டும் எனக்கு மூடிவிடும். அவள் பெயரைப் போடச் சொல்லலாம். நாளையே கதை அச்சேறிவிடும், புதன்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் மூன்று பேர் பட்ட பாடு வீணாகப் போகும். நான் மெல்ல நழுவி உங்களுக்குப் பின்னால் வந்து நிற்கிறேன். பாப்பா இப்போது பார்ப்பது உங்களைத்தான்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்கிறாள். "ரெண்டு பிரதி எடுக்கணும். இந்தத் தடவை ரெண்டுலயும் ஒரே பேருதான் இருக்கணும்."

பொறுப்பானவர் பெயர்: